நாய்களுக்கு மூன்று ஏக்கர்

அத்தியாயம் பதினொன்று

மார்ச் மாதத்து முதல் செவ்வாய். ஈஸ்ட் ஹார்லோ பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில், வருஷத்துக்கு ஒருமுறை ஊரார் கூடி ஓட்டுப் போடும் ஊர்க்கூட்டம். யார் யார் வந்திருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததில் பாதி அதனால்தான் நடந்தது.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நீள மேஜை. நடுவில் அவைத்தலைவர் கிளைட் அமிடன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் பாதிப் பேரை ஒரு காலத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர். அவருக்கு வலப்புறம் ஊர் எழுத்தர் லூவெல்லா, முன்னால் நிலப்பதிவேடு.

இடப்பக்கச் சுவரோரம் பால்மாடு வைத்திருப்பவர்கள். ஹோலிஸ் டட்டன் முதல் வரிசை. மூன்றாம் வரிசை ஓரத்தில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், ராய்ஸ் பெல்க்கி. சேறு அப்பிய ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே வந்திருந்தான்.

வலப்பக்கம் சன்னலோரம் நாய்ப் பூங்கா கேட்டு மனுப் போட்டவர்கள். அவர்களில் நோரீன் கால்வர்ட், மடியில் கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக. அவளுக்கு அடுத்து, முழங்கால்மேல் கைப்பையை இறுகப் பிடித்தபடி, ராய்ஸின் தங்கை கோரின்.

நடு வரிசையில், எந்தப் பக்கமும் சேராமல், கோரினின் மகள் ஆடெல். மாமாவின் கொட்டகையில் பால் கறப்பது அவளுக்கு வேலை. அம்மாவின் வீட்டில் சாப்பாடு.

விடாமல் படித்துவருகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி.

பத்து மாதத்துக்கு முன்னால் கோரினின் நாய் பார்லி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, ராய்ஸின் சினைக்கிடாரிகளைத் துரத்தியது. ஒரு கிடாரி கல் சுவரில் விழுந்து கால் முறிந்தது. ராய்ஸ் துப்பாக்கியை எடுத்தான். சட்டம் அவன் பக்கம். மறுநாள் கோரினின் தபால் பெட்டியில் பார்லியின் கழுத்துப்பட்டை கிடந்தது. கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. நாயை எங்கே புதைத்தான் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அரை மைல் தூரத்தில் இருக்கும் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு ஊரில் நாயைக் கயிறில்லாமல் விடக்கூடாது என்று விதி வந்தது. கோரின் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். பெல்க்கி புல்வெளியில் மூன்று ஏக்கருக்கு வேலி போட்டு, உள்ளே நாய்களை அவிழ்த்துவிட ஊர் அனுமதிக்க வேண்டும் என்பது மனு. அது இன்றைய பட்டியலில் இருபத்திரண்டாம் தீர்மானம்.

அந்தப் புல்வெளி அவர்களுடைய அப்பா ஆர்மண்ட் ஊருக்குக் கொடுத்தது. அதில் வருஷா வருஷம் புல் அறுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோவது ராய்ஸ். அந்தப் புல் இல்லாவிட்டால் அவன் பாதி மாட்டை விற்றாக வேண்டும். இது ஊருக்கே தெரியும். கோரினுக்கும் தெரியும்.

இன்னொன்று, கோரினுக்கு மட்டும் தெரியும். போன வாரம் பார்லியின் பழைய உரிமச் சீட்டைத் தேடப்போய், அப்பாவின் பெட்டியில் அவள் ஒரு காகிதத்தைக் கண்டெடுத்தாள். தீவனக்கடை நாட்காட்டியின் பின்பக்கம், அப்பாவின் கோணல் எழுத்து: “புல்வெளி ஊருக்கு. என் பிள்ளைகளில் ஒருவர் மாடு வைத்திருக்கும்வரை புல் அவருக்கு.” கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. ஒன்று அப்பாவின் பண்ணையாள் ஓடிஸ். மற்றது பத்தொன்பது வயதுக் கோரின்.

அந்தக் காகிதம்தான் இப்போது கைப்பைக்குள் இருந்தது. அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் காலையில் எடுத்தாள். அடுப்பு மூடியைத் தூக்கியும் போடவில்லை, திருப்பி வைக்கவும் இல்லை.

*

காலைப் பொழுது சாலைக் கணக்கிலும் தீயணைப்பு வண்டியிலும் போனது. பதினொன்றே முக்காலுக்குக் கிளைட் மரச்சுத்தியலைத் தட்டினார்.

“சாப்பிட்டுட்டு வாங்க. பக்கத்துத் தட்டைப் பாத்துச் சண்டை போடாதீங்க.”

பள்ளிச் சமையற்காரி வெர்னா பெரிய பாத்திரத்தில் வேகவைத்த பீன்ஸும் பன்றித்தொடையும் பரிமாறிக்கொண்டிருந்தாள். வரிசையில் கோரின் நின்றாள். முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தையல் விட்டுப்போன அந்தப் பழுப்புக் கோட்டு, அவளே ஒரு கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது.

விலகிப் போனால் தோற்ற மாதிரி. நின்றாள்.

ராய்ஸ் திரும்பவில்லை. வெர்னாவிடம் சொன்னான்: “எனக்குப் பின்னால நிக்கிறவங்களுக்கு இன்னும் ஒரு கரண்டி சேத்துப் போடு வெர்னா. சாயங்காலம் வரைக்கும் குரைக்கணும் பாரு.”

கோரினும் வெர்னாவிடமே சொன்னாள்: “எனக்கு முன்னால நிக்கிறவருக்குக் கத்தி குடுக்காத வெர்னா. கையில எது கெடச்சாலும் எதையாவது கொன்னுடுவாரு.”

 யாரோ ஒருவர் இருமினார்.

வெர்னா கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். “ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான். நகருங்க. பின்னால பசியோட நிக்கிறாங்க.”

சன்னலோரம் வந்து உட்கார்ந்ததும் கோரினின் தட்டில் ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பு ஒரு துண்டு இருந்தது. அவள் எடுக்கவில்லை. ஆடெல் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

“அம்மா, அந்த நோரீன் காலைல தீயணைப்பு வண்டி டயரைப் பத்தி எத்தன கேள்வி கேட்டாங்க தெரியுமா? பதினாலு. நான் எண்ணினேன்.”

“கேக்க உரிமை இருக்கு.”

“அவங்ககிட்ட சைக்கிள்கூட கெடையாது.”

கோரின் அந்த ஆப்பிள் துண்டை ஃபோர்க்கால் குத்தினாள்.

ஆடெல் குரலைத் தணித்தாள். “மூணே முக்காலுக்கு மாடு வச்சிருக்கிறவங்க எல்லாரும் எந்திரிச்சிடுவாங்க. கறக்கணும். நாலு மணிக்கு மேல இருபத்திரெண்டாம் தீர்மானம் வந்தா, எதிர்த்து ஓட்டுப் போட ஆளே இருக்காது. அதானே?”

“பூங்கா வேணும்னு எரநூத்திப் பத்துப் பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“நான் கேட்டது அதில்ல.”

“உன் மாமன் துப்பாக்கி எடுக்கறதுக்கு முன்னால யார்கிட்டயாச்சும் ஓட்டு கேட்டானா?”

ஆடெல் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டாள். “பார்லி எனக்கும் நாய்தான்மா,” என்றாள். போய்விட்டாள்.

*

மதியத்துக்குமேல் சாலை சமன்செய்யும் இயந்திரம் வந்தது. பதினேழாம் தீர்மானம். பழையதைப் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா. கால் மணியில் முடிகிற விஷயம்.

நோரீன் எழுந்தாள். ஊசிகளை அக்குளில் செருகிக்கொண்டாள். “தலைவரே, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.”

சின்னச் சந்தேகம் ஐம்பது நிமிஷம் ஓடியது. இயந்திரத்தின் முன்தகடு எந்த உலோகம்? பக்கத்து ஊரில் எது வைத்திருக்கிறார்கள்? குளிர்காலத்தில் எண்ணெய் உறையுமா? ஒவ்வொரு பதிலுக்கும் நன்றி சொன்னாள். ஒவ்வொரு நன்றிக்குப் பிறகும் இன்னொரு கேள்வி வைத்திருந்தாள். அவள் உட்கார்ந்தபோது, சன்னலோரத்தில் இன்னொருவர் எழுந்தார்.

ஹோலிஸ் டட்டனால் பொறுக்க முடியவில்லை. “தலைவரே, அந்த மெஷினைக் கல்யாணம் கட்டிக்கப் போறாங்களா, ஓட்டப் போறாங்களா?”

இடப்பக்கம் சிரித்தது. கிளைட் சிரிக்கவில்லை. “கேள்வி கேக்கற வரைக்கும் நான் நிறுத்த முடியாது ஹோலிஸ். உனக்கும் இதே விதிதான். போன வருஷம் மணல் குவியலைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினே.”

கோரின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கம்பி வலைக்குப் பின்னால் இருந்தது அது, பந்து பட்டு உடையாமலிருக்க. மூன்று இருபது. மூன்று முப்பத்தைந்து.

மூன்றே முக்காலுக்கு இடப்பக்கத்தில் நாற்காலிகள் உரசின. முதலில் இளையவர்கள், பிறகு பெரியவர்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மாடு காத்திருக்காது. மடி கனத்தால் கத்தும், நோய் வரும். ஹோலிஸ்கூட எழுந்துவிட்டான். வாசலில் நின்று சன்னலோரத்தைப் பார்த்து, “நல்லாயிருங்க,” என்றான். வாழ்த்துகிற குரல் அல்ல அது. பிறகு என்ன நினைத்தானோ, பிள்ளைக்குக் கைபேசியில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

ராய்ஸ் அசையவில்லை.

நடு வரிசையில் ஆடெல் எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு அம்மாவின் நாற்காலிப் பக்கமாகத்தான் வந்தாள். கோரின் அவள் கையைப் பிடித்தாள்.

“நீ எங்க போற? உன் ஓட்டு வேணும்.”

“நாப்பது மாடு நிக்குது.”

“அவன் மாடு. அவனே போய்க் கறக்கட்டும்.”

“அவரு எந்திரிச்சுப் போகணும்னுதானே நாள் பூரா அந்தம்மா பேசினாங்க?” ஆடெல் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். “நான் போய்க் கறக்கறேன். அவரு உக்காந்து கேக்கட்டும். அதுக்கப்புறம் நீ ஜெயி.”

இடப்பக்கம் தாண்டும்போது அவள் மாமாவின் தோளில் தட்டவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. கதவு மூடியது.

சொந்த மகளே ஓர் ஓட்டைக் குறைத்து, எதிரிக்கு ஓர் ஓட்டை நிறுத்திவைத்துவிட்டுப் போகிறாள். கோரினுக்குக் காது மடல் சுட்டது.

*

நாலு பத்துக்குக் கிளைட் இருபத்திரண்டாம் தீர்மானத்தை வாசித்தார்.

ஈஸ்ட் ஹார்லோ கூட்டத்தில் ஒரு விதி உண்டு. யாரும் யாரையும் பார்த்து நேரே பேசக்கூடாது. எதைச் சொன்னாலும் தலைவரிடம் சொல்ல வேண்டும். கணவன் மனைவியானாலும் சரி. மீறினால் சுத்தியல் விழும், பேசும் வாய்ப்புப் போய்விடும்.

ஹோலிஸ் முதலில் எழுந்தான். “தலைவரே, மில் ரோடு பாலத்துல ஓட்டை விழுந்து மூணு வருஷம். மனுஷன் ஆத்துல விழலாம், நாய்க்கு மட்டும் மைதானம் வேணும். சரி, அது கெடக்கட்டும். ஆர்மண்ட் அந்த நிலத்தைக் குடுக்கும்போது ஏதாவது நிபந்தனை போட்டாரா? அதைச் சொல்லுங்க.”

லூவெல்லா பதிவேட்டைப் புரட்டினாள். “ஊர்ப் பொதுவுக்குன்னு எழுதியிருக்கு. நிபந்தனை எதுவும் பதிவாகலை.”

“தலைவரே, ராய்ஸுக்குப் புல்லுன்னு அவரு சொன்னது எங்களுக்கெல்லாம் தெரியும்.”

“வாயால சொன்னதை நான் ஓட்டுக்கு முன்னால வைக்க முடியாது,” என்றார் கிளைட். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஆர்மண்ட் கையெழுத்துல ஒரு துண்டுக் காகிதம் இருந்து, சாட்சி எந்திரிச்சு ஆமான்னு சொல்லியிருந்தா, இந்த ஊரு அதைத் தாண்டிப் போகாது. நானே விடமாட்டேன். அப்படி யார்கிட்டயாச்சும் இருக்கா?”

அரங்கை ஒரு சுற்றுப் பார்த்தார்.

கைப்பையின் கொக்கி கோரினின் உள்ளங்கையில் அழுந்தியது. எழுந்து நிற்க ஒரு நொடி போதும். அவள் எதிரே, ராய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மாதமாகத் தரையைத்தான் பார்க்கிறான். பார்க்கட்டும்.

“இல்லை,” என்றார் கிளைட். “மேல போகலாம்.”

ராய்ஸ் எழுந்தான். கூட்டத்தில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

“தலைவரே. நாய்ப் பீயில ஒரு கிருமி இருக்கு. அது புல்லுல ஒட்டி, காஞ்ச கட்டோட மாட்டு வயித்துக்குப் போனா, மாடு மாசம் ஆகறதுக்கு முன்னாலயே கன்னு வீசிடும். டாக்டரைக் கேளுங்க. மூணு ஏக்கர்னு சொல்றாங்க. நாய்ங்க வரப்போக இருக்கும், வேலிக்கு வெளியில இருக்கிற புல்லையும் நான் தொட முடியாது. அப்புறம் எனக்கு அந்த வயல் எதுக்கு? நான் எதுக்கு?” நிறுத்தினான். “அவ்வளவுதான்.”

உட்காரப் போனான். கோரின் எழுந்துவிட்டாள். எழுதி வைத்திருந்த பேச்சு நோரீனின் மடியில் கிடந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

“தலைவரே, வேலி இருந்திருந்தா பார்லி உள்ள ஓடிட்டிருந்திருப்பான். யாரு கிடாரியும் விழுந்திருக்காது. யாரும் சுட வேண்டி வந்திருக்காது. இதுக்குமேல தீர்மானத்தைப் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல.” மூச்சு வாங்கியது. “இப்ப பேசினவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேளுங்க தலைவரே. என் நாயை எங்க புதைச்சாருன்னு கேளுங்க.”

கிளைட்டின் கை சுத்தியலுக்குப் போனது. “கோரின், அது தீர்மானத்துக்குச் சம்பந்தமில்லாதது.”

“நான் நேராப் பேசலை. விதிப்படி உங்ககிட்டதான் கேக்கறேன்.”

நோரீனின் ஊசிகள் நின்றுவிட்டன. கிளைட் சுத்தியலை எடுக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. கடைசியில் இடப்பக்கம் திரும்பினார். “பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல, ராய்ஸ்.”

ராய்ஸ் நின்றபடியே இருந்தான். தலைவரை மட்டும் பார்த்தான். முதல் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன.

“சம்பந்தம் இருக்கு தலைவரே. அந்த வயல்லதான். வடகிழக்கு மூலை, அக்ரோட்டு மரத்தடி. ஜூன் மாசம் புல் அறுத்தப்போ அந்த எடத்தைச் சுத்திதான் ஓட்டினேன். அவ்வளவு அக்கறை இருக்கிறவங்க, வயலை எட்டிப் பாத்திருந்தா, அறுக்காத திட்டு ஒண்ணு தெரிஞ்சிருக்கும்.” பூட்ஸ் காலை மாற்றி ஊன்றினான். “ஜெயிச்சா வேலிக்குக் குழி தோண்டுவாங்க. அந்த மூலையில தோண்ட வேண்டாம்னு சொல்லுங்க.”

உட்கார்ந்தான்.

கோரின் நின்றுகொண்டே இருந்தாள். நோரீன் அவள் கோட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்த பிறகுதான் நாற்காலி தட்டுப்பட்டது.

பத்து மாதமாக இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், படுத்தாள், பள்ளி பஸ் ஓட்டினாள். பதில் வந்தால் ஏதாவது இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. சொல்லத் தெரிந்திருந்தும் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தானே என்று இன்னும் ஒரு கல் ஏறிக்கொண்டது.

“ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க,” என்றார் கிளைட்.

லூவெல்லா பென்சிலால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணினாள். கோரினும் நின்றாள். எதிரே அவன் அவளைப் பார்த்தான். தரையை அல்ல, அவளை.

“எதிர்க்கிறவங்க.”

ஹோலிஸ், ராய்ஸ், போகாமல் தங்கிவிட்ட இன்னும் சிலர், மில் ரோடுக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள்.

லூவெல்லா இரண்டு முறை எண்ணினாள். “ஆதரவு அறுபத்தி நாலு. எதிர்ப்பு அறுபத்தி ரெண்டு.”

சுத்தியல் விழுந்தது. சன்னலோரம் கைதட்டியது. ராய்ஸ் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனான். கூட்டம் முடியும்முன் நாற்காலியை மடக்குகிறவன் ஊரில் அவன் ஒருவன்தான். அப்பா பழக்கிய பழக்கம்.

*

நிறுத்துமிடத்தில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. நோரீன் கோரினைக் கட்டிப்பிடித்தாள்.

“செஞ்சிட்டோம் கோரின். ஏப்ரல்ல தரை இளகினதும் குழி வெட்டிடலாம். வடகிழக்கு மூலையில வாசல் வச்சா வண்டி நிறுத்த வசதி.”

“அங்க வேண்டாம்.”

“ஏன், அந்த ஆளு சொன்னதுக்காகவா? முப்பது நாள்ல அவங்க மறுஓட்டு கேட்டு மனுப் போடலாம், ஞாபகம் இருக்கட்டும். இப்ப எறங்கிப் போனா தொலைஞ்சோம்.”

“அந்த மூலையில வேண்டாம்னு சொன்னேன்.”

நோரீன் பின்னலைப் பைக்குள் திணித்தாள். “உன் வீட்டுச் சண்டையை நீ ஊர்ச் சண்டையா ஆக்கினே. நாங்க உனக்காக நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசினோம். இப்ப மூலை பாத்து அழறியா?” காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

தபால் நிலையத்துக்குப் போகும் வழி புல்வெளியைத் தாண்டித்தான். கோரின் வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பனி மூடிய வெள்ளை. தூரத்து மூலையில் இலையில்லாத ஒற்றை அக்ரோட்டு மரம். பனியில் எல்லாம் ஒரே மட்டமாக இருந்தது. அறுத்த இடமும் அறுக்காத இடமும் தெரியவில்லை.

இறங்கிப் போய் நின்றால் அழுகை வரும். அழுதால் அவன்மேல் இருக்கிற கோபம் கொஞ்சம் கரையும். கரைய விடக்கூடாது என்று கியரைப் போட்டாள்.

ஜூன் மாதம் முழுக்க அவள் இந்தப் பக்கம் வரவில்லை. பஸ்ஸைக்கூட மேட்டுச் சாலையில் சுற்றி ஓட்டினாள். அதைத்தான் அவன் சபையில் சொல்லிக் காட்டினான்.

தபால் நிலையத்தில் மூடுவதற்கு இருபது நிமிஷம் இருந்தது. உறையும் தபால்தலையும் வாங்கினாள். சுவரோரப் பலகைமேல், சங்கிலியில் கட்டிய பேனாவால், நின்றபடியே எழுதினாள்.

“ராய்ஸ்,

உள்ளே இருப்பது அப்பா எழுதியது. படித்துப் பார். சாட்சி இரண்டு பேர். ஓடிஸ் செத்துவிட்டான். மிச்சம் நான்.

ஹோலிஸ் கேட்டபோதும் கிளைட் கேட்டபோதும் இது என் பைக்குள் இருந்தது. மறந்து போய் உட்கார்ந்திருக்கவில்லை. வேண்டுமென்றேதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுஓட்டுக்கு மனுப் போட முப்பது நாள் இருக்கிறது. நான் எழுந்து ஆமாம் என்று சொன்னால்தான் இதற்கு மதிப்பு. சொல்லாவிட்டால் உன் அடுப்புக்கு ஆகும்.

நான் சொல்ல வேண்டுமென்றால் நீ வந்து கேட்க வேண்டும். என் வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்து. கிளைட்டைக் கூட்டிக்கொண்டு வராதே. ஆடெலை அனுப்பாதே.

நீ சுட்டதை நான் மன்னிக்கவில்லை. சுற்றி அறுத்ததற்காகவும் மன்னிக்கப் போவதில்லை.

கோரின்.”

ஒரு தடவை படித்தாள். ‘உன் தங்கை’ என்று கடைசியில் சேர்ப்பதா என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். சேர்க்கவில்லை.

நாட்காட்டித் தாளை வெளியே எடுத்தாள். பத்தொன்பது வயதுக் கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழியோடு. அன்றைக்கு அப்பா, “படிச்சுட்டுப் போடு,” என்றது ஞாபகம் வந்தது. படிக்காமல்தான் போட்டிருந்தாள். கடிதத்துக்குள் வைத்து மூன்றாக மடித்தாள். உறையின் பசையை நாக்கால் நனைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

முகவரியைப் பார்த்த தபால்காரர் வில்லிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ராய்ஸுக்கா? போற வழியில அவன் பெட்டியிலயே போட்டுட்டுப் போயேன். தபால்தலை மிச்சம்.”

“தபால்தலை ஒட்டாம என் பெட்டியில ஒரு தடவை ஒண்ணு வந்துச்சு, வில்லிஸ். அந்த மாதிரி நான் அனுப்ப மாட்டேன்.”

வில்லிஸ் சுவரிலிருந்த துவாரத்தைக் காட்டினார். “உள்ள விழுந்துட்டா திருப்பித் தர மாட்டேன். தெரியுமில்ல?”

“தெரியும்.”

பாதி உள்ளே, பாதி வெளியே, ஒரு கணம் பிடித்திருந்தாள். விட்டாள். அடியில் விழுந்த சத்தம் கேட்டது. வில்லிஸ் தபால் சாக்கின் வாயைக் கட்டிப் பின்கதவு வழியாகத் தபால் வண்டிக்காரரிடம் தூக்கிப் போட்டார்.